கெட்டுப்போன பால்

பசையக்காவின் வாய்க்கு வராத சொற்கள் நிறைய உண்டு. வருகிற சொற்களை வைத்துக்கொண்டே நாற்பத்தொரு வருடத்தை ஒப்பேற்றிவிட்டாள். 'ச', 'ப', 'த', 'ர' எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி, கூப்பிட்டதும் வந்துவிடும். 'ம', 'வ', 'க' மூன்றும் ஜென்மப் பகை. உயிரெழுத்துகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு சொல் முதலில் வந்து நின்றால் தொண்டை இறுகும், தாடை ஒரு பக்கமாக இழுக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணைத் திறக்கும்போது எதிரில் இருப்பவர் சுவரையோ செருப்பையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் அவள் சுற்றுவழியில் போகப் பழகியிருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் 'ம'வில் தொடங்குகிறது என்று அதற்கு முந்தைய நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி மீதியை நடப்பாள். கடைக்கு வெங்காயம் வாங்கப் போய்த் தக்காளியோடு திரும்புவாள். தம்பி மனைவி அந்தத் தக்காளியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு முறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். கல்யாணமே ஆகாத பசையக்கா, 'இல்லை' என்பதற்கு 'இ' திறக்காததால், "ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாயும் ஒரு பூனையும் அவளுக்கு இருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

எழுதிக் காட்டினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். காட்டியவள்தான். இருபது வயதில் ஒரு அலுவலகத்தில் சீட்டை நீட்டினாள். உள்ளே இருந்தவர் அவளுக்குக் காது கேட்காது என்று தானே முடிவு கட்டி, ஒவ்வொரு சொல்லாக உடைத்து, கட்டடமே அதிரும்படி கத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றோடு சீட்டுக்கு முழுக்குப் போட்டாள்.

அவள் வேலை செய்தது செருப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில். காலையில் மைதா மாவைப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சிப் பசை கிண்டுவது, வெட்டி வைத்த அட்டையின் விளிம்பில் அதை ஒரே இழுப்பில் தடவி அடுத்தவளிடம் தள்ளுவது, இதுதான் பதினைந்து வருடமாக அவள் வேலை. பட்டறையில் வேறு யார் கைக்கும் அந்த வேகம் இல்லை. பசையக்கா என்ற பெயர் அங்கே வந்ததுதான். பேசாமல் செய்கிற வேலை என்பதால் அது அவளுக்குப் பிடித்திருந்தது. முதலாளிக்கும் பேசாமல் வேலை செய்கிறவளைப் பிடித்திருந்தது.

நாயின் பெயர் சுட்டி, பூனையின் பெயர் பஞ்சு. இரண்டும் அவள் நாக்கைக் கேட்டு வைத்த பெயர்கள். சுட்டி நான்கு வருடத்துக்கு முன் பட்டறை வாசலில் மழைக்கு ஒதுங்கிய குட்டி. அன்றிலிருந்து அவளோடு வேலைக்கு வருவான், மேசைக்கடியில் கிடப்பான், அவளோடு வீடு திரும்புவான். பஞ்சுவுக்கு ஒரு காது பாதிதான். தம்பி வீட்டு மாடியில் அவளுக்கென்று இருந்த ஒற்றை அறையை விட்டு அது நகராது.

இவற்றோடு பேசும்போது மட்டும் திக்காது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவளுக்குத் திக்கத்தான் செய்தது. 'உட்காரு' என்பதன் 'உ'விலேயே அவள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சுட்டி எப்போதோ உட்கார்ந்து முடித்திருப்பான். பஞ்சு யார் சொன்னாலும் கேட்காது, அவள் சரளமாகச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. இரண்டும் அவள் வாயைப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வேலை முடிந்து வந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவற்றிடம் முழு வாக்கியங்களாகச் சொல்வாள், நடுவில் எவ்வளவு நேரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கீழே தம்பியிடம் அது நடக்காது. தம்பி பாசக்காரன். பாசம் முற்றிப் போய், அக்கா வாயைத் திறந்தாலே மீதியை அவனே சொல்லி முடித்துவிடுவான். பாதி நேரம் தப்பாக முடிப்பான். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். இல்லை என்று திருத்த இன்னொரு முறை வாயைத் திறக்க வேண்டுமே.

மாவுப் பசை இருக்கும் இடத்துக்கு எலி வராமல் இருக்காது. ராத்திரியில் வந்து, ஒட்டி அடுக்கிய பெட்டிகளின் மூலைகளைத் தின்றுவிட்டுப் போகும். முதலாளி எலி மருந்து வாங்கி வந்தார். பச்சை நிறத்தில், சோப்புத் துண்டு அளவில் இருக்கும் கட்டிகள். சனிக்கிழமை சாயந்திரம் அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் பத்துக் கட்டி வைக்க வேண்டும், திங்கட்கிழமை காலை எல்லோரும் வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். சாவி பசையக்காவிடம் இருந்ததால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பதுதான் கிடைத்தது. பத்தாவதைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது கட்டுகளின் சந்திலிருந்து சுட்டி வெளியே வந்தான். மூக்கைச் சுற்றிப் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள், வாயைத் திறந்து பார்த்தாள், உள்ளே ஒன்றும் இல்லை. நக்கித்தான் பார்த்திருப்பான், கட்டியை எலி தூக்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று முழுக்கவும் மறுநாளும் அவன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான். தின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த மருந்து நாலைந்து நாள் உள்ளேயே இருந்து வேலை செய்யும் ரகம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வியாழக்கிழமை சுட்டி தட்டைத் தொடவில்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் படுத்துக்கொண்டான். தம்பி டெலிவரி வேனை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தான். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளே சுட்டியை நடத்தியும் தூக்கியும் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். "எலி மருந்து தின்னுட்டான்." மூன்றே சொல். சுட்டியிடம் சொன்னபோது இரண்டு முறை திக்கியது, ஐந்தாம் முறை திக்கவில்லை. வாசலுக்கு வருவதற்குள் இருபது முறை சொல்லியிருப்பாள், நன்றாகவே வந்தது.

உள்ளே கூட்டம். முன் மேசையில் இருந்த பெண் நாயின் பெயர் கேட்டாள், சொன்னாள். பிறகு பசையக்காவின் பெயரைக் கேட்டாள். தன் பெயரை அவள் இதுவரை எந்த அலுவலகத்திலும் சொல்லி முடித்ததில்லை, வழக்கம்போல் தம்பி மனைவியின் பெயரைக் கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கூண்டில் கிளி வைத்திருந்தார். அது வருகிறவர்களையெல்லாம் "வாங்க வாங்க, உக்காருங்க" என்று அட்சரம் பிசகாமல் வரவேற்றது. எல்லோரும் சிரித்தார்கள். பசையக்காவும் சிரித்தாள், கிளிக்கு வருகிற 'வ' தனக்கு வரவில்லையே என்று வயிறு எரிந்துகொண்டே சிரித்தாள்.

டாக்டரம்மா கெட்டிக்காரி, கெட்டவளும் இல்லை. அன்றைக்கு வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். சுட்டியை மேசையில் நிறுத்தி, கண்ணிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "என்னம்மா சாப்பிட்டான்?" என்று கேட்டாள்.

பசையக்கா வாயைத் திறந்தாள். 'எ' வந்து நின்றது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தாடை இழுத்தது. விஷம் என்று சொல்லலாமே என்று பார்த்தாள், 'வி'யும் அடைத்துக்கொண்டது. மருந்து என்று தொடங்கலாமா என்றால் 'ம' அதைவிட மோசம். கண்ணைத் திறந்தபோது நாயின் காலைப் பிடித்திருந்த உதவியாளன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் இன்னும் ஒரு நொடி போனால் பார்ப்பாள். பார்த்தால் அந்த முகம் எப்படி மாறும் என்று பசையக்காவுக்குத் தெரியும்.

"பால்," என்றாள்.

சொல்லிவிட்டதும் கதவு திறந்துகொண்டது. "பழைய பால் குடிச்சிட்டான். கெட்டுப்போனது. திங்கக்கிழம குடிச்சான். சாப்பிடாம படுத்துட்டான், படி ஏற முடியல." அந்த வேகத்தில் 'கெ' கூடச் சத்தமில்லாமல் தப்பி வந்துவிட்டது.

டாக்டரம்மா தலையை அசைத்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஈறு வெளுத்திருக்கிறது, வயிற்றில் பூச்சியும் இருக்கலாம் என்றாள். ஓர் ஊசி போட்டு, சிரப் எழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் எழுந்துவிடுவான், இனிமேல் பாலை மோந்து பார்த்துக் கொடுங்கள் என்று சிரித்தாள். மொத்தம் ஐந்து நிமிடம். யாரும் சுவரைப் பார்க்கவில்லை, யாரும் அவளுக்காக எதையும் சொல்லி முடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும். பசையக்கா அங்கிருந்து சந்தோஷமாக வெளியே வந்தாள். தெரியாத ஒருவரிடம் தொடர்ந்து இத்தனை வாக்கியம் பேசியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா கேட்டதையும் தான் சொன்னதையும் பஞ்சுவிடம் முழுசாக நடித்துக் காட்டினாள். எலி மருந்து நினைவுக்கு வராமல் இல்லை. டாக்டரே தொட்டுப் பார்த்துவிட்டார், ஏதாவது இருந்தால் அவருக்குத் தெரியாதா என்று அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சுட்டி சிரப்பை நக்கினான், வாலை இரண்டு தடவை ஆட்டினான். மத்தியானம் பட்டறையில், போனை எடுத்துத் தம்பிக்கு 'எலி மருந்து' என்று அடித்தாள். அனுப்பினால் அவன் உடனே கூப்பிடுவான், டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், அவள் 'அ'விலும் 'எ'யிலும் நின்று தவிக்க வேண்டும். அதையெல்லாம் விட, அந்த ஐந்து நிமிடமும் பொய் என்று ஆகிவிடும். அடித்ததை அழித்துவிட்டாள். வாலை ஆட்டினான் அல்லவா, நாளைக்குச் சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலை சுட்டி எழுந்திருக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்து பாயில் காய்ந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது, வயிறு உப்பி மூச்சு இரைத்தது. பஞ்சு அவனருகில் வந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது. பசையக்கா தம்பிக்கு 'சுட்டிக்கு முடியல, ஆஸ்பத்திரிக்கு வா' என்று அனுப்பிவிட்டு, போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினாள். பட்டறையில் அட்டைக் கட்டு தூக்கிப் பழகிய கைதான். இருந்தும் பாதி வழியில் அவனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

முன் மேசைப் பெண் டோக்கன் என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டாக்டரம்மா ஒரு முயலின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையில் ரத்தத்தைப் பார்த்ததும் முயலை உதவியாளனிடம் கொடுத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றாள்.

இரண்டு கையிலும் நாய். சீட்டும் இல்லை, போனும் இல்லை. பசையக்கா வாயைத் திறந்தாள்.

"எ" என்று நின்றது. தாடை இழுத்தது. டாக்டரம்மா வாந்தி எடுத்தானா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி பால் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை. எங்கேயாவது விழுந்தானா, வண்டியில் அடிபட்டானா. இல்லை, இல்லை. கண்ணை மூடாமல் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு முட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்து போர்வையில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. முயலின் சொந்தக்காரர் ஓரமாக நகர்ந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் பாதி போயிருந்தது.

"எலி மருந்து," என்றாள். "திங்கக்கிழம. பச்சைக் கட்டி. நா... நான் வெச்சது."

அதன் பிறகு அந்த அறையில் யாரும் நிற்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். ஊசி போட்டார்கள், காலில் ட்யூப் சொருகி மருந்தை ஏற்றினார்கள். இந்த விஷத்துக்கு நல்ல முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய நேரம் எடுக்கும், அதுவரை தாங்க உடம்பில் ரத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா வேலை செய்துகொண்டே சொன்னாள். ரத்தம் உள்ளேயே கசிந்து வயிற்றில் நிறைந்திருந்தது. வேறு நாயின் ரத்தம் ஏற்ற அங்கே வசதி இல்லை. பசையக்கா சுட்டியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, எங்கேயும் பார்க்கவில்லை. பதினோரு மணி தாண்டியதும் மூச்சு நின்று, ஒரு முறை இழுத்து, மறுபடி நின்றுவிட்டது.

தம்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேலைச் சட்டையோடு, வேன் சாவியைக் கையில் வைத்தபடியே உள்ளே நுழைந்தான். அவனைப் பார்த்ததும் டாக்டரம்மா அவனிடம் திரும்பிக்கொண்டாள். பேசத் தெரிந்தவர் வந்துவிட்டால் எல்லோரும் அவரிடம்தான் திரும்புவார்கள்.

"முந்தாநாளே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றாள். குரலில் கோபம் இருந்தது. "பால் குடிச்சான்னு அவ்வளவு தெளிவா சொன்னாங்க. கொஞ்சம் தடுமாறியிருந்தாக்கூட எனக்குச் சந்தேகம் வந்து தோண்டித் துருவிக் கேட்டிருப்பேன். நல்லாத்தானே பேசினாங்க அன்னிக்கு?"

பசையக்காவுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. திக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். நாற்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள் திக்காமல் பேசினாள், அந்த ஒரு நாள் அவனைத் தின்றுவிட்டது.

தம்பி அவள் தோளில் கை வைத்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "அக்காவுக்குப் பேச வராது டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். சொல்லணும்னுதான் நெனச்சிருப்பா, வார்த்தை வந்திருக்காது. பாவம், அவ என்ன பண்ணுவா? அவ மேல தப்பு இல்ல."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்து கோபம் இறங்கிப்போனது. அப்படியா, தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றாள், பசையக்காவின் கையைப் பிடித்து வருத்தப்படாதீர்கள் என்றாள். உதவியாளனும் பாவம் என்பதுபோல் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவளை மன்னித்து முடித்துவிட்டார்கள். அவள் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவதுதான். அதைத்தான் ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறாள், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

தலையை ஆட்டவில்லை.

"மு..." என்று தொடங்கினாள். 'மு' அடைத்துக்கொண்டது.

"முடியலையாக்கா? உக்காரு, தண்ணி குடி," என்றான் தம்பி.

அவள் கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அக்கா தன்னை நிறுத்தியது அவனுக்கு இதுதான் முதல் தடவை. வெளியே யாரோ தன் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். டாக்டரம்மா திரும்பவில்லை. தாடை இழுத்து இழுத்து, மூச்சு தீர்ந்து, மறுபடி மூச்சு எடுத்து, பசையக்கா அந்தச் சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"முடியும்," என்றாள். "இன்னிக்குச் சொன்னேன்ல. அ... அன்னிக்கும் சொல்லியிருக்க முடியும். நேரம் ஆகியிருக்கும். நான் சொல்லல."

அவள் மேசையில் கிடந்த போர்வையை இழுத்துச் சுட்டியை மூடினாள், நான்கு முனையையும் அவளே சேர்த்து முடிந்தாள். தம்பி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.